பத்தாவது பாட்டு

"போதும் அக்கா, மறுபடியும் அவர்கிட்ட சொல்லாதீங்க, டேக் நல்லாத்தான்—"

"நல்லா எங்க இருக்கு? ரெண்டாவது சரணத்துல சிரிக்கிறான். மகளைப் பறிகொடுத்தவன் அப்படியா பாடுவான்?"

"பறிகொடுத்ததே அவருக்கு ஞாபகம்—"

"ஞாபகப்படுத்துறேன். நீ உன் மெஷினைப் பாரு."

ஒலிப்பதிவாளர் வால்தேர் இந்தச் சண்டையை விசாரணையில் உங்களிடம் சொல்லியிருப்பான். ஒரு சொல்லும் அவன் கூட்டிச் சொல்லவில்லை. நல்ல பையன். கசப்பாகக் குடிக்க வேண்டிய மாத்தே மூலிகைத் தேநீரில் சர்க்கரை போட்டுக் குடிப்பான், அவ்வளவுதான். இந்த ரொசாரியோ ஊரில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது என்பான் என் கணவன்.

என் கணவன் தெல்மோ கசானியை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் பள்ளிக்குப் போன காலத்தில் இந்த ஊர்ச் சுவர்களிலெல்லாம் அவனுடைய ராக் குழுவின் பெயர் கிறுக்கியிருக்கும். பிறகு குழு கலைந்தது. எங்கள் மகள் லூத்மிலா சாந்தா ஃபே நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்தாள். அந்த வருடம் அவளுக்காக ஒரு பாட்டு எழுதினான், பாடவில்லை. கிதாரையும் தொடவில்லை.

எழுபதைத் தாண்டியதும் மறதி நோய் வந்தது. அது முதலில் எடுத்துக்கொண்டு போனது லூத்மிலாவின் சாவைத்தான். ஒருநாள் காலையில் அவன் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, கிதாரோடு அடுக்களைக்கு வந்தான்.

"லூத்மிலா எங்க, கிழவி?"

"கோர்தோபாவுல. வேலைக்குப் போயிருக்கா."

"போன் பண்ணச் சொல்லு கழுதையை. அப்பன் தனியா ஆல்பம் போடுறான், வந்து கைதட்டச் சொல்லு."

ஒன்பது பாட்டு அப்படி வந்தன. பொய்ப்பல்லைப் பற்றி ஒன்று, ஆற்றில் மீன் அகப்படாததைப் பற்றி ஒன்று. எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில்தான் பதிவு. தெருவில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் நின்று இடுப்பை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

பதிவு நிறுவனத்துக்காரர் கேட்டுவிட்டு, "கிழவர் இவ்வளவு குஷியா இருந்தா ஜனங்க நம்ப மாட்டாங்கம்மா. ஒரே ஒரு அழுகைப் பாட்டு குடுங்க" என்றார். லூத்மிலாவின் பாட்டை எடுத்துக் கொடுத்தேன். தெல்மோ அதை யாரோ எழுதியதைப் போலப் படித்துப் பார்த்து, பிறந்தநாள் பாட்டு மாதிரி பாடினான்.

அதனால் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். லாரியைச் சொன்னேன், உடலை அடையாளம் காட்டப் போனதைச் சொன்னேன். அழுதான். அழுது முடித்துப் பாடினான். மதியம் தூங்கி எழுந்தபோது எல்லாம் போய்விட்டது, விசிலடித்துக்கொண்டு வந்தான். ஞாபகம் இல்லாத வலி வலியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். மறுநாள் அடுத்த டேக். அதற்கும் மறுநாள் அடுத்தது. ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பான்.

"உனக்கு எப்பத் தெரியும், கிழவி?"

"இப்பத்தான். இப்பத்தான் போன் வந்துச்சு."

அது பொய். ஆனால் அப்படிச் சொன்னால் இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்ட மாதிரி இருந்தது.

ஆல்பம் வெளியானது. வானொலியில் பொய்ப்பல் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வால்தேர் ஒலிவாங்கிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். இதற்குமேல் நடந்தது அவனுக்குத் தெரியாது, நானாகச் சொல்கிறேன். அவன் போன பிறகும் நான் தெல்மோவிடம் சொல்வதை நிறுத்தவில்லை. பாட்டு தேவைப்படாத நாட்களிலும் சொன்னேன். லூத்மிலாவுக்காக அழ இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவன் பாதியில் எழுந்து போய்விட்டான். நான் கையைப் பிடித்து மறுபடியும் உட்காரவைத்தேன், அவ்வளவுதான்.

அவன் இதயம் அதிர்ச்சி தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆமாம், எனக்குத் தெரியும். கடைசி நாள் அழுதுகொண்டே நெஞ்சைப் பிடித்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. என் தோளில் சாய்ந்திருந்தான். எழுந்தால் அழுகை நின்றுவிடும் என்று தோன்றியது. கூப்பிட்டபோது உடம்பு ஆறிப்போயிருந்தது. கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் வதைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவனுக்கு ஒவ்வொரு முறையும் அது முதல் முறை. முந்தைய நாள் எதுவும் அவனிடம் மிஞ்சியிருக்காது, டாக்டரையே கேளுங்கள். அந்தக் கடைசிக் காலையிலும் வெயிலில் உட்கார்ந்து எதையோ மீட்டிக்கொண்டுதான் இருந்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவன் மீட்டுவதை நிறுத்தினான். கிதாரை மடியில் கவிழ்த்து, என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"இன்னிக்கு வேண்டாமே, கிழவி."