பாஸ் பாக்காம ஏத்தாதீங்க

இல்லீங்க தம்பி, சும்மா எட்டிப் பாத்துட்டு ஏறுங்கன்னா எப்படீங்க? நல்லாப் பாருங்க. இந்தக் கொரோனாக் காலத்துல பாஸ் சரியில்லாத ஆள ஏத்துனா டிரைவரு மேலதான் கேசுன்னு நேத்துக்கூட கொல்லங்கோட்டுல மைக்குல சொல்லீட்டுப் போனாங்க. கேரளா பார்டருல, கோவிந்தாபுரம் செக்போஸ்டுல வண்டியப் புடிச்சு வெச்சுட்டாங்கன்னா உங்க பொழப்பு என்னாகறதுங்க?

ஆமாங்க, முன்னால கண்ணாடிய ஏத்தி உட்டுட்டு உக்காந்திருக்கறது எங்கண்ணன்தானுங்க. பூபதிராஜா. பாஸெல்லாம் அவருதான் எடுத்தாரு.

அவசரந்தானுங்க. ஆனமலைல எங்கப்பன் உட்டுட்டுப் போன தென்னந்தோப்பு, எங்க ரெண்டு பேரு பேருலயும் இருக்குதுங்க. மத்தியானத்துக்குள்ள நான் போயிக் கையெழுத்துப் போட்டாத்தான் கிரயம் முடியும். இன்னிக்கு ஆகலீன்னா, வாங்கறவரு வேற தோப்பு பாத்துக்குவாராமா.

அந்தப் போட்டோவப் பாருங்க. பொட்டு, மூக்குத்தி எல்லாம் இருக்குதில்லீங்க? இப்ப எம்மொகத்தப் பாருங்க. எங்கூட்டுக்காரரு போனதுக்கப்பறம் எல்லாத்தையும் கழட்டீட்டனுங்க. வேற ஆளுன்னு நெனைக்க மாட்டாங்களா?

ஆதார்ல ஒத்து வருதுங்களா? செரி. டெஸ்ட் பேப்பரு? அதுவும் நெகட்டிவா? எனக்கென்னமோ தொண்ட கரகரங்குதுங்க. காச்சக்காரங்கள ஏத்தப்படாதில்லீங்க?

மெதுவாச் சொல்லுங்க தம்பி. எல்லாஞ் செரியா இருக்கறதுதானுங்க எனக்கு வெனையே.

அந்தத் தோப்புக் காயி வித்துத்தான் எம்புள்ள யோகப்பிரியா காலேஜு போகுது. கையெழுத்துப் போட்டா அது நின்னு போகும். போட மாட்டேன்னு நான் வாயத் தொறந்தா, அண்ணன் இன்னியோட எங்கூட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு. அப்பனில்லாத புள்ளைக்கு நாளைக்குக் கலியாணத்துல தாய்மாமன்னு வந்து நிக்க அவர உட்டா ஆருங்க இருக்கறா? பொறந்ததுலிருந்து அவரு முன்னால மாட்டேன்னு சொல்லிப் பழக்கமில்லீங்க எனக்கு.

பாஸு செல்லாதுன்னு நீங்க சொன்னா சட்டம் சொன்னதாப் போயிருமுங்க. எம்மேல பழி வராது. தலைய மட்டும் ஆட்டுங்க, கண்ணாடிக்குள்ளாற இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறாரு.

அய்யோ, கதவத் தொறக்கறாரே...

ஏனுங்ண்ணா, எதுக்கு எறங்குறீங்க? இந்த டிரைவருத் தம்பி என்னமோ எம் பாஸு செல்லாதுங்கறாருங்ண்ணா. நான் சொன்னாக் கேக்க மாட்டீங்கறாரு.

நீங்களே சொல்லுங்க தம்பி.