இன்னிக்கு எங்க பாடு

அய்ய, அங்க குந்தாத சார். வலை ஈரமா கீது. இப்டி நடுவுல குந்து. பாண்டு கசங்குதேன்னு பாத்தா போட்டு சாஞ்சிரும். இன்னாத்துக்கு பயப்படற, முட்டிக்கால் தண்ணிதான். ஷூவ மட்டும் கயட்டிக்க.

நேத்தே வந்து உன் சர்வேய எடுத்திருக்கலாம், கரீட்டுதான். இஞ்சின் மக்கர் பண்ணிச்சுன்னு சொன்னேன்ல? வுடு, அத அப்பால பேசிக்கலாம்.

தோ, அலையாத்திக் காடு. உன் மேப்புல இன்னா போட்டுகீது? தரிசா? நல்லாகீதே! இறங்கி போயி அந்த வேராண்ட நின்னு தரிசுன்னு சொல்லிப் பாரேன், நண்டு வந்து கால் வெரல புடிச்சுக்கும். எறாக் குஞ்சு மொத்தமும் இதுக்குள்ளதான் சார் வளருது. இத வெட்டிட்டு, மேல கரண்டு கம்பெனி சாம்பலக் கொட்டி மேடாக்கிட்டா, எறா எங்க போவும்? மாதவரம் பஸ் ஸ்டாண்டுக்கா?

முன்னல்லாம் கம்பெனி வருதுன்னா பந்தல் போட்டு, மைக் வெச்சு எங்கள கேப்பாங்கோ. நானே ரெண்டு வாட்டி பேசிகீறேன். ஒரு வாட்டி மைக்க வுடவேல்ல, ஆபீசருக்கு டீயே ஆறிப்போச்சு. இப்ப சட்டத்த தளத்திட்டாங்களாமே? யாரும் பொழைக்காத எடம்னு ரிப்போர்ட்டு இருந்தா கூட்டமே வாணாமாம். இன்னா சார், அதுக்கும் தலைய மட்டும் ஆட்டற.

அதோ எதிர்ல வலை வுட்டுகினு கீறான் பாரு, என் தம்பி மனோகரன். எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு கீது, பாடுன்னு சொல்லுவோம். மூணு குப்பத்துக்கும் ஒரே தண்ணி. ஒரு நாளு எங்களுது, மறுநாளு ரெண்டாவது குப்பம், அதுக்கு மறுநாளு மூணாவது. அட்த்தவன் பாடுல கைய வெக்க மாட்டோம். வெக்கறது இன்னா, அன்னிக்கு எங்க தண்ணின்னு வாயத் தொறந்து சொல்றதே தப்பு. இல்லன்னா வெட்டு குத்துல பூட்டிருக்கும். சிரிக்காத சார், உங்க ஆபீஸ்ல ஏசி ரிமோட்டுக்கு இந்தமாரி ஒண்ணு கீதா?

உங்க ரிப்போர்ட்ட என் பொண்ணு மகிழினி போன்ல படிச்சு காட்டிச்சு. இங்க ஒருத்தனும் மீன் புடிக்கலியாம், உள்ளூர் மீனவரே சொன்னாராம். அந்த உள்ளூர் மீனவரத்தான் மூணு குப்பமும் தேடிகினு கீது. கையில கெடச்சான்னா மண்டைய ஒடைப்பேன்னு மனோகரன் திரியறான். நானும் கூடவே, ஆமாண்டா ஒடைடான்னு சொல்லிகினு கீறேன்.

அது வேற யாருமில்ல சார், நான்தான்.

போன மாசில, உன்னமாரியே ஒருத்தர் ஃபைல தூக்கினு கரையில நின்னாரு. அன்னிக்கு மூணாவது குப்பத்து பாடு. அங்க ஒரு சாவு, அவங்க எறங்கல. சாவு வுழுந்துகீதுன்னு அவங்க பாடுல நாங்க எறங்குவமா? தண்ணி வெறிச்சுனு கெடந்துச்சு. நான் மாலை வாங்கினு சாவுக்கு போய்கினு கீறேன். நீங்க இங்க மீன் புடிக்கிறீங்களான்னாரு. இன்னிக்கு நம்ம பாடு இல்லியேன்னு நெனச்சு, இல்ல சார்னேன். ஏன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. கைய குடுத்து தேங்க்ஸ் சொல்லிட்டு பூட்டாரு. அந்த ஒரு இல்லதான் சார் உங்க ரிப்போர்ட்ல ஏறிகீது.

இஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. நேத்து மூணாவது குப்பத்து பாடு. நேத்து நீ கேட்டிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லிருப்பேன். வேற மாரி சொல்ல வாய் வராது.

இன்னிக்கு எங்க பாடு. பேனாவ எடு. பேரு வேலப்பன். அன்னிக்கு கரையில அவரு கேட்டாரே, அதே கேள்விய கேளு. சத்தமா கேளு சார், மனோகரன் காதுலயும் வுழட்டும்.