பானைக்குத் திரும்பும் பெயர்

இத்தனை ஆண்டு ஊர் வழக்குகளைப் பொறுத்ததுபோல் இன்று இந்த வெயிலையும் பொறுத்தபடி தலைமை ஏற்றிருக்கும் ஆதிநாராயணன் அவர்களே! வலை காயும் மணலில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! 'இந்தப் பொண்ணு இன்னா பேசப்போவுது?' என்று ஓரமாய் நின்று பார்க்கும் அண்ணன்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மீஞ்சூரில், குடியை விட வருவோருக்கு மருத்துவம் பார்க்கும் இல்லத்தில் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தருபவள் நான். மேடை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இன்று பேசாமல் போனால், நாளை என் மனமே என்னை ஏசும்!

மதுவிலக்கு நீங்கியது, சென்ற ஆண்டு சாராயக்கடை திறந்தது. திறந்தது ஒரு கடை. அணைந்தது எத்தனை வீட்டு அடுப்பு?

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பானைக்குள் பெயர்ச்சீட்டுப் போட்டு எடுக்கும் ஊர் இது. போதையில் துலுக்காணம் அண்ணனின் வலையை அறுத்தார் பரசுராமன் அண்ணன். பானையிலிருந்து அவர் பெயரை எடுத்தது ஊர். 'நூறு நாள் குடிக்காமல் இரு, பெயர் திரும்பும்' என்றது. பெயர் இல்லாதவனுக்கு ஏரி ஏது? ஏரி இல்லாதவனுக்கு ஊர் ஏது?

நடுங்கும் கையோடு எங்களிடம் வந்தார். மருத்துவர் மருந்து கொடுத்தார். நடுக்கம் நின்றது, ஆசை நிற்கவில்லை. "மூச்சைக் கவனியுங்கள்" என்றேன். "மூக்கைப் புடிச்சிகினா சாராயம் பயந்துகினு ஓடிடுமா டீச்சரம்மா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது.

அடுத்து சவாசனம். பதினொரு பேரும் கண்மூடி, கைகால் தளர்த்தி, அசையாமல் கிடக்கிறார்கள். அந்நேரம் பார்த்து, சோற்றுத் தூக்கோடு உள்ளே வந்தார் அவர் மனைவி செங்கம்மாள். பார்த்தார், தூக்கைப் போட்டார், மார்பில் அறைந்துகொண்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டார்! "பாவிங்களா, மொத்தமா கொன்னுட்டீங்களே!"

பரசுராமன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "அடியே, உசுரோடதான் கீறேன். கொழம்பைப் பாரு, கொட்டிகினு போவுது!"

செங்கம்மாள் அக்கா, முந்தானையால் முகத்தை மூடாதீர்கள்! ஊர் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உங்களோடு சேர்ந்து சிரிக்கிறது.

எந்த மனிதனும் தன் சாவுக்கு எழும் ஒப்பாரியைக் கேட்பதில்லை. அவர் கேட்டார்! அன்றோடு அவர் கேலி நின்றது.

நாற்பது நாளில் ஊர் திரும்பினார். வழியில் கடை, நெஞ்சில் ஆசை. நான் சொல்லி அனுப்பியது என்ன? 'ஆசையை அடக்குங்கள்' என்று. அடக்க அடக்க அது ஏறியதாம். எதிரே இருந்த புளியமரத்தடியில் அப்படியே அமர்ந்துவிட்டார். மறுவாரம் பயிற்சிக்கு வந்து என்னிடம் சொன்னார்:

"நீ சொன்னது தப்பு டீச்சரம்மா. முகத்துவாரத்துல தண்ணி ஏறும்போது எதுத்துகினு படகைத் தள்ளுனா கோலுதான் ஒடியும். கோலை ஊணிகினு சும்மா நிக்கணும். ஏறுன தண்ணி வத்தாம எங்க போவும்? அன்னிக்கு ஆசையும் அப்டிதான் ஏறிச்சு. மூச்சை ஊணிகினு குந்திகினேன். வத்திப்போச்சு."

எத்தனை நூல்கள் படித்தேன்! இந்தப் பாடத்தை எந்த ஏட்டில் கண்டேன்? அன்றே என் பாடத்தைத் திருத்தினேன். 'அடக்கு' என்பதை எடுத்தேன். 'ஊன்றி நில்' என்பதை வைத்தேன். அவருக்குப் பின் வந்த அத்தனை பேருக்கும் அதையே சொல்கிறேன்.

இன்று நூறாவது நாள்! வென்றது மருந்தா, மூச்சா? மருந்து கை கொடுத்தது. மூச்சு கோல் கொடுத்தது. ஏறிய வெள்ளத்தில் நின்றவர், நிலைத்தவர், வென்றவர் அவர்!

தலைவர் அவர்களே, பானை உங்கள் அருகில் இருக்கிறது. சீட்டு அவர் கையில் இருக்கிறது. அந்தக் கை நடுங்குகிறதா? நன்றாகப் பாருங்கள்!

அதோ, வலை இழந்த துலுக்காணம் அண்ணனே எழுந்துவிட்டார். என்ன சொல்கிறீர்கள் அண்ணா? "பேசனது போதும்மா, அவன் பேரைப் போடச் சொல்லு, தண்ணி மாறிகினு கீது, வலை கட்டப் போவணும்!" என்றா?

இதைவிட நல்ல பேச்சை நான் பேச முடியாது. வாருங்கள் பரசுராமன் அண்ணா, உங்கள் பெயரை உங்கள் கையாலேயே போடுங்கள்!

இடம் தந்த தலைவருக்கும், இருந்து கேட்ட உங்களுக்கும் நன்றி. அன்று அழுத கண்ணால் இன்று இதைப் பார்க்கும் செங்கம்மாள் அக்காவுக்கு என் வணக்கம்!