பங்கரை மூடச் சொன்னவர்

சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் திடீரென்று சத்தம் போட்டாள்.

“எங்கடை பங்கருக்குள்ளை நாங்கள் நுளம்பு வளக்கிறமாம்! வழக்குப் போடுவினமாம்!”

அவளுக்கு முன்னால் நின்ற, வயதில் மூத்த பெண் வெறும் போத்தலோடு திரும்பினார். “ஆர் பிள்ளை சொன்னது?”

“மாநகரசபைச் சுகாதாரப் பகுதியிலையிருந்து வந்த ஐயா, அக்கா. மாரித் தண்ணி நிக்குதாம், நுளம்பு கடிச்சுக் காய்ச்சல் வருமாம், மண் போட்டு மூடட்டாம். குண்டு போடுற பொம்மருக்கு ஒளிக்க நானும் மனுசனும் கை கொப்பளிக்க வெட்டின பங்கர்! அந்தத் தண்ணி எங்கையிருந்து வருது? உவையின்ரை வடிகான் அடைச்சு, வழிஞ்செல்லோ வருது! அதைத் துப்பரவாக்கச் சொல்லி எத்தினை தரம் கந்தோருக்கு நடந்திட்டன். இந்த ஐயாவைக் கேட்டா, வடிகான் வேறை பகுதியாம், தனக்குத் தெரியாதாம்.”

“நல்ல ஞாயம்.”

“கேளுங்கோவன். கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை பொம்மர் வந்திட்டுது. என்னையும் இடிச்சுத் தள்ளிப்போட்டு, முதல் ஆளாக் குதிச்சவர் அவர்தான்! இடுப்பளவு தண்ணியுக்கை கண்ணை மூடிக்கொண்டு ‘நல்லூரானே, நல்லூரானே’ எண்டு நிக்கிறார்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“பொம்மர் போனாப்பிறகு ஏறி வந்து காற்சட்டையைப் பிழிஞ்சார். பிழிஞ்சுபோட்டு, ‘வாற கிழமை வருவன், மூடியிருக்கவேணும்’ எண்டு சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுக்கிறார், அக்கா!”

“நீ என்ன சொன்னனி?”

“‘வாங்கோ ஐயா. அப்ப பொம்மர் வந்தா வடிகானுக்கை படுங்கோ. வேறை பகுதியெண்டாலும் உங்களுக்கு இடம் தருவினம்’ எண்டன்.”