நெஞ்சுவலிப் பயிற்சி

மேலே எழுதியுள்ள பெயர், வயது, முகவரி என்னுடையவை. மருந்துக் கடையில் வேலை. கார் ஓட்டும் உரிமம் வாங்கினால் வீடுகளுக்கு மருந்து கொண்டுபோகும் வேலையைத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். இந்த மாதக் கடைசி வரை பொறுப்பார். அதன் பிறகு வேறு ஆள்.

எனக்கு வண்டி நன்றாக ஓட்ட வரும். பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்தால் வராது. இரண்டு முறை தோற்றேன். அதன் பிறகு என் கணவர், பதற்றத்தை வேண்டுமென்றே உண்டாக்கிப் பழகினால் அது போய்விடும் என்று எங்கோ படித்துவிட்டு வந்தார். நான் ஓட்டும்போது மாமியார் பின்சீட்டிலிருந்து குறை சொல்ல வேண்டும். அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. நாத்தனார் காதருகே தட்டைத் தட்டினார். கணவர் முன்சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். நான் பதறாமல் மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே அவர் எழுந்து, "பொழச்சிட்டேன். டீ சாப்பிடலாமா?" என்பார்.

சம்பவத்தன்று தேர்வு. இரண்டாவது திருப்பம் தாண்டியதும் தேர்வு அதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இதுவும் தேர்வில் உண்டு போல என்று நினைத்தேன். மனம் லேசானது. கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, மருத்துவமனைப் பக்கம் திருப்பினேன்.

"வேகமா போம்மா" என்றார். வேக எல்லைப் பலகை இருந்ததால் போகவில்லை. ஒரு பெரியவர் சாலையைக் கடக்கும் வரை நின்றேன். அதன் பிறகு அதிகாரி முனகியபோது, அவரை உற்சாகப்படுத்த, "நல்லாத்தான் நடிக்கிறீங்க சார். எங்க வீட்டுக்காரர் நாக்கையும் கொஞ்சம் வெளிய தள்ளுவார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க இயலவில்லை.

வாசலில் கோட்டுக்குள் நிறுத்தினேன். டீ பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். காவலாளி எட்டிப் பார்த்து, "ஏம்மா, மனுஷனுக்கு மூச்சே வரல, நீ பாட்டுக்கு உக்காந்திருக்க?" என்றார்.

இது தேர்வில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவரை ஏற்றிய ஸ்ட்ரெச்சரின் பின்னால் ஓடினேன். வாசல் சரிவானது. கைப்பிரேக் போடவில்லை. கார் பின்னால் உருண்டு ஆம்புலன்ஸின் விளக்கை உடைத்தது. அப்போது காரில் யாரும் இல்லை. ஆகவே உரிமம் இல்லாமல் ஓட்டி மோதினேன் என்ற மருத்துவமனைப் புகாரில், ஓட்டினேன் என்பதை மறுக்கிறேன். அதற்கு முன்பு ஓட்டியபோது, விதிப்படி உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருந்தார். சாய்ந்திருந்தார். ஆனால் இருந்தார்.

மாலையில் கணவரோடு அவரைப் பார்க்கப் போனேன். நேரத்துக்குக் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்று நர்ஸ் சொன்னார். அதிகாரி கண் திறந்து, "கைப்பிரேக் போட்டியாம்மா?" என்று கேட்டார். கணவர், "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்றார்.

தேர்வு முடிவை அவர் இன்னும் சொல்லவில்லை. நாளையோடு மாதம் முடிகிறது.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான், நடந்ததுதான். கீழே உள்ள கோணல் கையெழுத்தும் என்னுடையதே. காவல் நிலையத்துக்கு நாங்கள் பயிற்சி எடுக்கவில்லை.