விமான் நகர் போர்டில் ஒரு முகம்

ஹலோ... ஹாங்ஜி... ஹாங், போர்டு பே யஹீ நம்பர் ஹை. சுக்ரவார் கோ பத்தா சலேகா, வோ லட்கி கஹாங் ஹை. தேங்க் யூ... ஹலோ? ... அம்மா, நீங்க தமிழா? ... சரி சரி, தமிழ்லயே பேசுங்க. எனக்கும் தமிழ்தான்... லூர்துசாமி. இங்க புனேயில ஒரு விளம்பரக் கம்பெனியில டிசைனரா இருக்கேன்... ஆமா... ஆமாம்மா, வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு எங்கேன்னு தெரியும்னுதான் சொன்னேன்... அழாதீங்க. எதுக்கு அழறீங்க?

...உங்க பொண்ணா?

இல்லைம்மா. ஒரு நிமிஷம்... சாமிக்கெல்லாம் வேண்டிக்காதீங்க, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. எங்கேருந்து பேசறீங்க? ... விமான் நகர்ல, டெலிபோன் பூத்துலேருந்து. போர்டு எதிர்லயே... காலைலேருந்து நிக்கறீங்களா? ... தேஹு ரோடு ஸ்டேஷன்லேருந்து ரயில், அப்புறம் பஸ்ஸு... ம்... உங்களுக்கு யாரு படிச்சுச் சொன்னாங்க? ... பக்கத்து வீட்டு சியாமளா. காணவில்லை, இந்தப் பெண்ணைப் பார்த்தீர்களான்னு... ம். அவங்க சரியாத்தான் படிச்சிருக்காங்க. அப்படித்தான் இருக்கு. நான்தான் எழுதினேன்.

அது சினிமாம்மா... சினிமா. த்ரில்லர் படம்... கொலை, மர்மம், அந்த மாதிரி. வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகுது. விளம்பரத்துல கத்தி, ரத்தம் எல்லாம் எல்லாரும்தான் போடறாங்க. படத்துப் பேரே போடாம, போலீஸ் நோட்டீஸ் மாதிரி கறுப்பு வெள்ளையில அடிச்சா ஜனங்க நின்னு பாப்பாங்க, ஃபோன் பண்ணுவாங்கன்னு... ஆமா. நிஜம்னு நம்பணும்னுதான்... என் யோசனைதான். வேற யாரும் சொல்லலை.

...இல்லை, நான் எதையும் மறைக்கலை... போலீசும் இல்லை, யாரும் இல்லை. அது பம்பாய்ல நடிக்கிற பொண்ணு. சொந்த ஊர் சண்டிகர். அவங்களை வச்சு போட்டோ எடுத்தப்ப நான் பக்கத்துலயே இருந்தேன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது அவங்களுக்கு... ம்... உங்க பொண்ணு பேரு? ... வேதநாயகி. வயசு? ... போனப்ப பத்தொம்பது. ரெண்டு வருஷம் ஆச்சு... ம்.

கண்ணு அவளை மாதிரி இருக்கா? ... இல்லை. மூக்கு? ... நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எதிர்லதானே இருக்கு... அவ கறுப்பு. சரி. அப்ப எதை வச்சும்மா அவதான்னு...

...புருவத்துல இருக்கற வெட்டா.

அம்மா, அது... அது அந்தப் பொண்ணுக்குக் கிடையாது. முகம் ரொம்ப மழமழன்னு இருந்துச்சு. பாக்கறவங்க மனசுல நிக்கணும்னு கம்ப்யூட்டர்ல நான் போட்டேன்... ஆமா, நான் வரைஞ்சதுதான்... இடது புருவம். ஆமா... வேதநாயகிக்கும் அங்கேயா. எப்படி ஆச்சு? ... அவங்க அப்பா... தட்டைத் தூக்கி... எதுக்கு? ... கூட வேலை செய்யறவன்கிட்ட அவ பேசினாள்னு. ம்... ம்... அன்னிக்கேவா போயிட்டா? ... துணியை வச்சு அமுக்கிக்கிட்டே.

அப்ப அந்தத் தழும்பை நீங்க பாத்ததே இல்லை.

...இல்லை, இல்லை, தப்பா கேக்கலைம்மா. ஆறியிருக்கும். ரெண்டு வருஷத்துல ஆறாம இருக்குமா. யாராவது தையல் போட்டிருப்பாங்க... எனக்கு எப்படித் தெரியும். சும்மா சொன்னேன். எனக்குத் தெரியாது.

அவ போட்டோ ஒண்ணு கொடுங்க. நான் அச்சடிச்சுத் தரேன்... பெரிய போர்டு நம்ம கையில இல்லை, சின்ன போஸ்டரா அடிக்கலாம். ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, எல்லா இடத்துலயும் நானே வந்து ஒட்டறேன். ஸ்கூல் போட்டோ, கல்யாண வீட்ல எடுத்தது, எதுன்னாலும் சரி... எல்லாத்தையும் அவங்க அப்பா கிழிச்சுட்டாரா? ... ஒண்ணு கூடவா இல்லை? ... ம்... இப்ப அவரு? ... சரி. சரிம்மா. அவரை விடுங்க.

என்னம்மா? ... ஆமா, நிறைய பேர் ஃபோன் பண்ணாங்க. நாப்பது அம்பது வரும்... சில பேர் பாத்தேன்னும் சொல்லுவாங்க, விளையாட்டுக்கு... அப்படியெல்லாம் யாரும்...

...

ஒருத்தர் சொன்னாரு. நேத்து மத்தியானம். மராட்டியில பேசினாரு, வயசானவர். இந்த முகம் இல்லை, ஆனா புருவத்துல இதே வெட்டோட ஒரு மதராசிப் பொண்ணு, துணிக்கடையிலயோ என்னவோ வேலை செய்யுதுன்னு... கேக்கலைம்மா. எந்தக் கடைன்னு கேக்கலை. பஸ் சத்தத்துல ஊர் பேரு சரியா விழலை. அவர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அடுத்த ஃபோன் அடிச்சுது. நான் வச்சுட்டேன்.

...இந்த ஃபோன்ல நம்பர் தெரியாது. எழுதி வைக்கற வழக்கம் இல்லை. நாங்க சிரிச்சுக்கிட்டு இருந்தோம்மா.

...

அம்மா? ... ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க... இல்லை, என்னைத் தம்பின்னு கூப்பிடாதீங்க... அது அவளாத்தான் இருக்கணும்னு இல்லை, வேற யாராவது இருக்கலாம்... ஆமா. இருக்கலாம்தான். அவளாவும் இருக்கலாம்.

நீங்க அங்கேயே இருங்க. நான் கிளம்பி வரேன், அரை மணி நேரம்... எதுக்குன்னா, சேர்ந்து தேடலாம், ஒவ்வொரு கடையா... தெரியும்மா, புனேயில எத்தனை கடைன்னு எனக்கும் தெரியும்... கிளம்பறேன்னு சொல்லாதீங்க. ரயிலுக்கு நேரம் ஆனா ஆகட்டும், அடுத்த ரயில் இருக்கு. சரி, வீட்டுக்கே வரேன். தேஹு ரோட்ல எந்தப் பக்கம்? ... உங்க பேரு? ... பவுன். பவுனம்மா, வீட்டு நம்பர் சொல்லுங்க, பேனா எடுத்துட்டேன்... வச்சுடாதீங்க. பூத்துக்காரர்கிட்ட ஃபோனைக் கொடுங்க, நான் சொல்லிக்கறேன்... ஹலோ?

ஹலோ... பவுனம்மா?