வீட்டுக்கு ஒரு ஆள்

— அவங்கிட்ட சொல்லு, அஞ்சு மணியோட கம்பெனி ஆபீச மூடிடுவாங்க. இன்னிக்கு விட்டா வேலை போனது போனதுதான்.

— எதுக்கதான உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்கான். நீங்களே சொல்லுங்களேன்.

— நான் அவங்கூடப் பேசறதில்ல. உனக்குத் தெரியும்.

— அம்மா, உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, எனக்குக் காது நல்லா கேக்குதுன்னு. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து.

— கேட்டியா வெங்கடம்மா, காது கேக்குதாம். வாய் வேலை செய்யுது, வயிறு வேலை செய்யுது. மத்ததுதான் எதுவும் வேலை செய்யாது தொரைக்கு.

— குழம்பு ராத்திரிக்கு வேணும் விஜி. இருக்கறத பெசஞ்சி சாப்பிடு.

— மணி மூணரை ஆவுது. இப்ப எழுந்து வந்து சோறு திங்கறான், நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவனாட்டம்.

— நைட் ஷிப்ட்டுன்னு ஊர் பூரா சொல்லி வச்சது யாரும்மா? அவருதான? வேலைய விட்டு மாசக்கணக்காவுது. பகல்ல நான் வெளிய வரக்கூடாது, ஏன்னா நைட் ஷிப்ட்காரன் தூங்கற நேரம். ராத்திரி என் ரூம்ல லைட்டு போடக்கூடாது, ஏன்னா நைட் ஷிப்ட்காரன் வீட்ல இருக்கமாட்டான். நான் எப்பதான் உசுரோட இருக்கறதுன்னு கேட்டு சொல்லு.

— நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போவும்னு சொன்னேன். குருபரப்பள்ளி சென்னகிருஷ்ணன் பொண்ணு குடுக்கறேன்னு சொல்லிக் கீறான். எத நம்பி? கம்பெனி வேலைய நம்பி. பையன் பஸ்ல ஏறுறானா இல்லையான்னு ஸ்டாப்புக்கே வந்து நின்னு பாத்துட்டுப் போற ஆளு அவன்.

— பாத்தாரும்மா. நல்லா பாத்தாரு. நீ பிரியா அக்காவப் பாக்க காவேரிப்பட்டினம் போயிருந்தியே, அன்னிக்கு. இவரு என்ன பண்ணாரு தெரியுமா?

— என்ன பண்ணாரு?

— என் யூனிபார்ம இஸ்திரி போட்டு என் கதவுல மாட்டி வச்சாரு. வாயத் தொறந்து பேச மாட்டாரு இல்ல, சட்ட பேசுச்சு. போட்டுக்கிட்டுப் போய் கம்பெனி பஸ்ல ஏறுனேன். சென்னகிருஷ்ணன் டீக்கடையில நின்னு பாத்துட்டு இருந்தாரு. அடுத்த ஸ்டாப்ல டிரைவர் ஐடி கார்டு கேட்டான். இல்லன்னதும் எறக்கி விட்டுட்டான். லாரி போற ரோட்ல நடந்தே வந்தேன், வேலையில்லாத கம்பெனி பேர நெஞ்சில தச்சிக்கிட்டு.

— நடந்தா கால் தேஞ்சிடாது. வந்தவன் திருப்தியாப் போனான்ல, அதான் வேணும்.

— பொண்ணக் கட்டிக் குடுத்து, அது வந்து ராத்திரி லைட்டு போட்டா என்னங்க பண்ணுவீங்க?

— அதுக்குள்ள உன் மவன் நெஜமாவே வேலைக்குப் போயிருப்பான் வெங்கடம்மா. நான் சும்மா இல்ல. அந்த ஆபீஸ்ல உக்காந்து கீற பொண்ணுக்கு நம்ம பிரியா வயசு இருக்கும். அதுங்கிட்ட கையக் கட்டி நின்னேன். பையனுக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னேன். கீழாநெல்லி குடுக்கறோம்னு சொன்னேன். நிலம் குடுத்த வீடு, அதனால எடத்தப் புடிச்சு வச்சிருக்கோம், வெள்ளிக்கிழம வரைக்கும்தான்னுச்சு. இன்னிக்கு இன்னா கிழம?

— வெள்ளிக்கிழம.

— அவங்கிட்ட சொல்லு.

— விஜி, வெள்ளிக்கிழமடா.

— நான் போகலம்மா. போன வாரமும் சொன்னேன், நேத்தும் சொன்னேன்.

— பாத்தியா, பாத்தியா. தக்காளி வெளைஞ்ச பூமிய குடுத்தேன். நிலம் குடுத்த வீட்டுக்கு ஒரு ஆள்னு சொன்னாங்க, அந்த ஒரு வார்த்தைக்காக குடுத்தேன். ஒத்தப் பையன், அவன் பேர எழுதிக் குடுத்தேன். இவன் வேலைய விட்டுட்டு வந்தா இன்னா அர்த்தம்? என் நிலத்த இவன் ரெண்டாவது தடவ விக்கறான்னு அர்த்தம்.

— யாரு நிலம்னு கேளும்மா.

— இப்ப அது எதுக்கு விஜி.

— சும்மா கேளு. தாத்தா உனக்கு எழுதி வச்சது. பத்திரத்துல வெங்கடம்மாள்னு இருந்துச்சு. கையெழுத்து போட நீ தாலுக்கா ஆபீஸ் போனப்ப நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போனேன். இவரு இன்னிக்கு வரைக்கும் என் நிலம், என் நிலம்னு டீக்கடையில சொல்லிட்டு இருக்காரு.

— உழுதது யாரு? தண்ணி பாச்சுனது யாரு? சொல்லு வெங்கடம்மா.

— நீங்கதான் உழுதீங்க. சரி.

— வித்ததுக்கு அப்புறம் அவரு என்ன உழுதாருன்னு கேளும்மா.

— நிலமில்லாதவன் எத உழுவான்? ரோட்டையா?

— அதே கம்பெனியில வாட்ச்மேனா வரச் சொல்லி ஆள் விட்டாங்கல்ல?

— நிலம் வச்சிருந்தவன் கண்டவன் கேட்டுல நின்னு கார் வந்தா சல்யூட் அடிக்கணுமா? நாராயணப்பன்னா இந்தப் பக்கம் ஒரு மரியாத கீது.

— கேட்டியாம்மா? அவருக்குப் புடிக்கலன்னா மானம். எனக்குப் புடிக்கலன்னா சோம்பேறித்தனம்.

— ரெண்டு பேரும் பேச்ச முடிங்க. நான் தட்டக் கழுவணும்.

— இரு, இரு. ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லு. ஏன் வேலைய விட்டான்? மெஷின்ல கை போச்சா? கால் போச்சா? எவனாச்சும் அடிச்சானா? ஒரு காரணம் சொல்லட்டும், நான் வாய மூடிக்கறேன்.

— சொல்லுடா விஜி. கேக்கறாருல்ல.

— கை இருக்கு, கால் இருக்கு. யாரும் அடிக்கல. காரணம் ஒண்ணும் இல்லம்மா, அதான் காரணம். ராத்திரி பூரா ஒரு பீஸ் வரும், ஒரு ஓட்டை போடணும், தள்ளி விடணும். அடுத்தது வரும். எந்தப் பீஸ் எந்த வண்டிக்குப் போவுதுன்னுகூட எவனும் சொல்லல. சூப்பர்வைசருக்கே தெரியாது. ஒரு நாள் நான் ஓட்டை போடாம ஒரு பீஸ தள்ளி விட்டேன், என்ன ஆவுதுன்னு பாக்க.

— என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆவல. அடுத்தது வந்துச்சு.

— அவ்ளோதானா? இதுக்கா? மாடு செக்கச் சுத்தும்போது எண்ணெ எந்த வீட்டுக்குப் போவுதுன்னு கேட்டுச்சா? நான் வருசா வருசம் அதே மண்ணத்தான உழுதேன். எனக்கு அலுக்கலையா?

— அலுத்துச்சுன்னுதானம்மா கம்பெனிக்காரன் வந்ததும் மொத ஆளா ஓடுனாரு?

— வாய ஒடைப்பேன்னு சொல்லு.

— நீங்களே ஒடைங்க. எனக்கு அவ்ளோ ஒசரத்துக்குக் கை எட்டாது.

— உனக்கு சிரிப்பா இருக்குதா வெங்கடம்மா? நீ குடுத்த எடம்தான் இவ்ளோவும். அவன் எந்திரிக்கற நேரத்துக்கு சுடுசோறு. அவன் தூங்கறான்னு மிக்சி போடாம அம்மியில அரைக்கற. விடியறதுக்கு முந்தியே எழுந்து ரோஸ் தோட்டத்துல கூலிக்குப் பூ வெட்டப் போயிட்டு வந்து, கையெல்லாம் முள்ளு குத்தி, அந்தக் கையால ஊட்டி விடாததுதான் பாக்கி.

— உங்களுக்கும் அதே சோறுதான் போடறேன்.

— நான் புருசன்.

— சரி.

— இப்ப கடைசியா சொல்றேன். இத அப்பிடியே அவங்கிட்ட சொல்லு, ஒரு வார்த்த கொறைக்காத. அஞ்சு மணிக்குள்ள போய் கையெழுத்து போடணும். இல்லன்னா இன்னிக்கு ராத்திரி இந்த வீட்ல படுக்கக்கூடாது. சூளகிரி போவட்டும், பெங்களூர் போவட்டும், எங்கயாவது லாரி கிளீனரா போவட்டும். என் கண்ணுல படக்கூடாது.

— விஜி, அப்பா சொல்றது—

— கேட்டுச்சும்மா. நான் எங்கயும் போகல. இது தாத்தா குடுத்த நிலத்த வித்த காசுல கட்டுன வீடு. போலீச வேணா கூப்பிடச் சொல்லு.

— போலீசு எதுக்கு? வெங்கடம்மா, பரண் மேல பெரிய பை கீதே, அத எறக்கு. இவன் துணிய எல்லாம் எடுத்து உள்ள போடு. வாசல்ல வச்சிரு. மீதிய நான் பாத்துக்கறேன்.

— பைய ஏற்கெனவே எறக்கிட்டேன்.

— எப்ப?

— மத்தியானம். நீங்க டீக்கடைக்குப் போயிருந்தப்ப.

— அப்பிடிச் சொல்லு. இத்தன வருசத்துல இன்னிக்குதான் என் பொண்டாட்டியாட்டம் ஒரு வேல செஞ்சிருக்க. பாரு, அவன் மூஞ்சியப் பாரு. அம்மா காப்பாத்துவான்னு இருந்தான்.

— அம்மா. நீயுமா?

— கட்டில் பக்கத்துல இருக்கு. ஜிப்பு சரியில்ல, அழுத்திப் போடணும். போய் போட்டுக் குடு.

— நீ என்னத் தொரத்தறியாம்மா? அவரு தொரத்தலாம். அவருக்கு நான் நிலம் வித்ததுக்கு கெடச்ச ரசீது. நீ ஏன்?

— ஜிப்ப போடுடா. பேச்சு அப்புறம்.

— போடறேன். நல்லா போடறேன்... இது என்ன?

— இன்னாவாம்?

— இதுல என் துணி ஒண்ணும் இல்லம்மா. நீலச் சேல. உன் ஸ்வெட்டர். உன் சீப்பு.

— உன் துணி கொடியில காயுது. மழ வந்தா எடுத்து வை.

— வெங்கடம்மா, இன்னா இது?

— நான் காலையில ரோஸ் தோட்டத்துக்குப் போகலங்க. கம்பெனிக்குப் போனேன். அந்தப் பொண்ணப் பாத்தேன். நல்ல பொண்ணு, உக்கார வச்சு தண்ணி குடுத்துச்சு. எம் மவன் வரமாட்டான்னேன். மஞ்சக்காமால இன்னும் சரியாகலையான்னு கேட்டுச்சு. காமாலையும் இல்ல கண்றாவியும் இல்ல, வரமாட்டான், அவ்ளோதான்னேன்.

— அடிப்பாவி. சொல்லிட்டியா?

— அப்ப அந்த எடத்த எடுத்துடலாமான்னுச்சு. வீட்டுக்கு ஒரு ஆள்னுதான சொன்னீங்க, மவன்தான் வரணும்னு சொல்லலையேன்னு கேட்டேன். நிலம் யாரு பேர்ல இருந்துச்சுன்னுச்சு. எம் பேர்லன்னேன். கம்ப்யூட்டர்ல பாத்துச்சு. அப்ப நீங்களே வாங்கம்மா, கேன்டீன்ல ஆள் வேணும்னு சொல்லிடுச்சு.

— எச்சித் தட்டு கழுவவா?

— இங்க என்ன கழுவறேன்?

— நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? சென்னகிருஷ்ணன் கேட்டா நான் இன்னான்னு சொல்லுவேன்?

— அவருக்குப் போன் பண்ணி நானே சொல்லிட்டேன். கம்பெனி வேல மாப்பிள்ளைக்கு இல்ல, மாமியாருக்குன்னு. டக்குனு போன வச்சிட்டாரு.

— நான் சம்மதிக்கமாட்டேன். இன்னிக்கு நேத்து இல்ல, எங்க வம்சத்துலயே பொம்பளைய கம்பெனிக்கு அனுப்புனதில்ல.

— ரோஸ் தோட்டத்துக்கு அனுப்புனீங்க.

— அம்மா, அங்க உனக்கு முடியாது. கேன்டீனுக்கும் ஷிப்ட் மாறும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுநூறு பேருக்கு தட்டு போடணும். நான் பாத்திருக்கேன். கால் வீங்கிக்கும்.

— முடியலன்னா நானும் விட்டுட்டு வந்துடறேன் விஜி. பகல்ல தூங்கறேன். நீங்க ரெண்டு பேரும் எனக்கு சுடுசோறு ஆக்கிப் போடுவீங்களா?

— இந்த ஜிப்பு ஏறவே மாட்டேங்குதும்மா.

— என்னடா, காது நல்லா கேக்குதுன்ன?

— அவங்கிட்ட இன்னா பேச்சு? என்னப் பாத்து பேசு. வேலைக்குப் போறேன்ற, சரி, போய்த் தொல. பை எதுக்கு? கம்பெனி பஸ்ஸு நம்ம ஸ்டாப்லதான நிக்குது?

— கம்பெனி ஹாஸ்டல்ல எடம் கேட்டேன். குடுத்துட்டாங்க. இன்னிக்கு ராத்திரியே வந்துடறேன்னு சொல்லிட்டேன்.

— ஹாஸ்டலா? அது வெளியூர்லேர்ந்து வர்ற சின்னப் பொண்ணுங்க தங்கற எடம்மா. நம்ம மொட்ட மாடியில நின்னா அந்தக் கட்டடம் தெரியும்.

— கூப்பிடு தூரத்துல சொந்த வீடு கீது. அத விட்டுட்டு எவளாவது ஹாஸ்டல்ல போய் படுப்பாளா? அந்தப் பொண்ணு கேக்கலையா உன்ன?

— கேட்டுச்சு. வீட்ல வளந்த பசங்க ரெண்டு பேர் இருக்கானுங்கம்மா, நான் அங்க இருக்கற வரைக்கும் ரெண்டு பேருமே வேலைக்குப் போகமாட்டானுங்கன்னு சொன்னேன்.